ராயக்கோட்டை முதல் எக்ஸ்ரே ஃபிலிம் வரை: நூறு வயது லென்ஸ்களுக்கு இன்னும் ஏன் மவுசு?

ஜோலார்பேட்டையில் இருந்து சேலம் போகும் ரயில் சாமல்பட்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது, ஜன்னல் வழியாக ஃபோனை நீட்டி தூரத்து மலையை ஒரு கிளிக் செய்ய ஒரு நொடிகூட ஆகாது. பிடிக்கவில்லை என்றால் டெலிட், மறுபடி கிளிக்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ராயக்கோட்டையை 1850-களின் கடைசியில் ஒருவர் படம் பிடித்தார். அப்போது சாமல்பட்டி வழியாக ரயிலே ஓடவில்லை. கேமரா, ரசாயனம், காகிதம், முக்காலி எல்லாமே மாட்டு வண்டியில்தான் வந்தன. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தப் படங்கள், சுமார் 165 வருடங்கள் கழித்தும் லண்டன் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த வகைக் கேமராவும் லென்ஸும் எப்போதோ செத்துப்போன தொழில்நுட்பம் என்று நினைத்தால் தப்பு. நூறு வயதைத் தாண்டிய பித்தளை லென்ஸ்களை இன்றும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் சில, நம்ம ஊர் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் பரணிலும் கிடக்கலாம். பழைய சாமான் கடைக்குப் போட்டால் பித்தளை எடைக்கு மட்டும்தான் காசு. அது என்ன லென்ஸ், எப்படி வேலை செய்கிறது, கையில் கிடைத்தால் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

ராயக்கோட்டைக்கு வந்த கேமராக்காரர் யார்?

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் அதிகாரி. 1854-ல் இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் பர்மா போன தூதுக்குழுவோடு சென்று அங்கேயும் எடுத்தார். 1856-ல் சென்னை மாகாண அரசின் அதிகாரப்பூர்வ புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

1857 டிசம்பரில் பெங்களூரில் இருந்து கிளம்பி, ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றினார். 1858-ல் இவை தனித்தனித் தொகுப்புகளாக வந்தன. அதில் ஒன்று ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களுக்குமானது. கிருஷ்ணகிரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

டிரைப்பின் கேமராவில் இருந்தது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12×15 அங்குலம், அதாவது இன்றைய ஏ3 தாளை நெருங்கும் அளவு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்று ஃபோனில் ‘பனோரமா’ மோடில் செய்வதை, கையால் செய்திருக்கிறார்.

1859-ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இந்த வேலைக்கான செலவு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். டிரைப்பின் புகைப்பட வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது. 2014-ல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் அவருடைய படங்களுக்கென ஒரு தனிக் கண்காட்சியே நடத்தியது.

‘லார்ஜ் ஃபார்மட்’ என்றால் என்ன?

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. படம் பதியும் பரப்பு பெரியது. பொதுவாக 4×5 அங்குலம், 5×7 அங்குலம், 8×10 அங்குலம் என்ற அளவுகளில் தனித்தனித் தாளாக ஃபிலிம் வரும். ஒரு தடவைக்கு ஒரு தாள், ஒரு படம்.

ஒப்பிட்டால் புரியும். கல்யாண வீட்டு போட்டோகிராஃபர் வைத்திருக்கும் ‘ஃபுல் ஃபிரேம்’ கேமராவின் சென்சார் 24×36 மி.மீ. 4×5 அங்குல ஃபிலிமின் பரப்பு அதைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. உங்கள் ஃபோனின் சென்சாரோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல்.

கேமராவின் உடம்போ ரொம்ப எளிமை. முன்னால் லென்ஸ் மாட்டிய ஒரு பலகை, பின்னால் மங்கலாகத் தேய்த்த கண்ணாடி, நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு துருத்தி. தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால், காட்சி தலைகீழாகத் தெரியும். ஃபோகஸ் சரி என்றதும் கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிமைச் செருகுவார்கள். அவ்வளவுதான். பேட்டரி இல்லை, சிப் இல்லை, சாஃப்ட்வேர் அப்டேட்டும் இல்லை.

இந்த எளிமைதான் பழைய லென்ஸ்களுக்கு உயிர் கொடுக்கிறது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் கம்பெனிக்குக் கம்பெனி மவுன்ட் மாறும். ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் நேராகப் பொருந்தாது. லார்ஜ் ஃபார்மட்டில் அப்படி இல்லை. ஒரு பலகையில் ஓட்டை போட்டு 1880-ல் செய்த லென்ஸை மாட்டினால், போன மாதம் வாங்கிய கேமராவிலும் அது வேலை செய்யும்.

இன்னொரு வசதி, முன்பலகையைத் தனியாக மேலே தூக்கலாம், சாய்க்கலாம். கோபுரத்தை ஃபோனில் எடுத்தால் அது பின்னால் சாய்வது போல வருகிறது இல்லையா? ஃபோனை அண்ணாந்து பிடிப்பதால் வரும் பிரச்னை அது. லார்ஜ் ஃபார்மட்டில் கேமராவை நேராகவே வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் போதும், கோபுரம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதற்கு லென்ஸ் விழச் செய்யும் வெளிச்ச வட்டம் ஃபிலிமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதை ‘பிம்ப வட்டம்’ என்று சொல்வார்கள். லார்ஜ் ஃபார்மட் லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான்.

இவ்வளவு பழைய லென்ஸ் எப்படி ஷார்ப்பாக இருக்கும்?

ரகசியம் ஃபிலிமின் அளவில் இருக்கிறது. ஃபோனின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு. அதில் விழும் படத்தைத் திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம். லென்ஸில் கடுகளவு குறை இருந்தாலும் அதுவும் சேர்ந்து பெரிதாகும். அதனால் ஃபோன் லென்ஸ் அசாத்தியத் துல்லியத்தோடு இருந்தாக வேண்டும்.

8×10 அங்குல நெகட்டிவை அப்படியே போட்டோ பேப்பர் மேல் வைத்து பிரின்ட் போடலாம். பெரிதாக்கும் வேலையே இல்லை. 4×5 என்றாலும் சுவரில் மாட்டும் அளவுக்கு நாலைந்து மடங்கு பெரிதாக்கினால் போதும். அதனால்தான் நூறு வருடத்துக்கு முந்தைய லென்ஸில் எடுத்த குடும்பப் படத்தில்கூட, பாட்டியின் புடவைக் கரையில் இருக்கும் நூலை எண்ண முடிகிறது.

பின்னணி மங்கலும் இப்படித்தான். 4×5 கேமராவில் ‘நார்மல்’ லென்ஸ் 150 மி.மீ. அதை எஃப் 5.6-ல் திறந்தால் கிடைக்கும் மங்கல், ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 1.6 லென்ஸ் தருவதற்குச் சமம். ஃபோனின் ‘போர்ட்ரெய்ட் மோடு’ கணக்குப் போட்டு வரைகிற மங்கல், இங்கே கண்ணாடியிலேயே நிகழ்கிறது.

ஐந்து குடும்பங்கள், ஐந்து குணங்கள்

பழைய லென்ஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எந்தக் காலத்தில் எந்தக் குறையைச் சரிசெய்யப் பிறந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறு மாதிரிப் படம் தரும்.

1. லேண்ட்ஸ்கேப் லென்ஸ்: புகைப்படக் கலை தொடங்கிய 1839 காலத்து வகை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய ஒரே ஒரு துண்டு. மலை, கோட்டை, காட்சி எடுக்க ஏற்றது. ஓரங்களில் நேர்கோடுகள் லேசாக வளையும். ரொம்ப மெதுவானது, அதாவது வெளிச்சம் குறைவாகவே உள்ளே வரும்.

2. பெட்ஸ்வால்: 1840-ல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸ். அதற்கு முன் லென்ஸ் வடிவமைப்பு பெரும்பாலும் தேய்த்துப் பார்த்துத் தேய்த்துப் பார்த்து செய்யும் வேலை. கணக்குப் போட ஆஸ்திரிய ராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் இருந்து ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். அதன் எஃப் எண் சுமார் 3.6. முந்தைய லென்ஸ்களைவிட ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம். நிமிடக் கணக்கில் ஆடாமல் உட்கார்ந்திருந்த மனிதர்கள், வினாடிக் கணக்கில் எழுந்து போக முடிந்தது. போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ என்ற தொழில் வேகமெடுத்ததில் இந்த லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதன் குறை, நடுவில் மட்டும்தான் ஷார்ப். ஓரத்துக்குப் போகப் போகப் பின்னணி சுழல்வது போலத் தெரியும். அன்று குறை என்று சொன்ன அந்தச் சுழல்தான் இன்று விலை போகிறது. 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் இந்த வடிவத்தை இன்றைய கேமராக்களுக்கு மறுபடி செய்து, ஆன்லைனில் கூட்டு நிதி திரட்டி விற்றது.

3. ரேபிட் ரெக்டிலினியர்: 1866-ல் லண்டனில் டால்மேயரும், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள். ஒன்று வளைப்பதை இன்னொன்று நேராக்கிவிடும். கட்டடம், தூண், ஆவணம் எல்லாம் நேர்கோட்டில் வந்தன. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க விற்ற வகை. இன்றும் சந்தையில் கிடைக்கும் பழைய லென்ஸ்களில் விலை குறைவானது பெரும்பாலும் இதுதான். பழகுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம்.

4. அனஸ்டிக்மேட்: நடுவில் மட்டும் இல்லாமல் ஓரம் வரை ஷார்ப்பாக வரும் லென்ஸ்கள். 1890-ல் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த புரோட்டார், 1892-ல் கோயர்ஸ் நிறுவனத்தின் டாகோர், 1893-ல் டென்னிஸ் டெய்லரின் குக் டிரிப்லெட், 1902-ல் மறுபடி ருடால்ஃபின் டெஸ்ஸார். நாலே கண்ணாடியில் இவ்வளவு துல்லியமா என்று கேட்க வைத்த டெஸ்ஸார், அதற்குப் பின் வந்த எத்தனையோ கேமராக்களில் அப்படியே அல்லது சிறு மாற்றத்தோடு இருந்தது.

5. சாஃப்ட் ஃபோகஸ்: வேண்டும் என்றே கொஞ்சம் குறையை விட்டுவைத்த லென்ஸ்கள். ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் இமேஜான் இதில் பிரபலம். முகம் ஷார்ப்பாக இருக்கும், ஆனால் அதன் மேல் மெல்லிய ஒளிப்படலம் படர்ந்தது போல இருக்கும். இன்றைய ‘பியூட்டி ஃபில்டர்’ போல என்று சொல்லலாம். ஆனால் முகத்தைத் துடைத்து பிளாஸ்டிக் ஆக்காது.

கோட்டிங் இல்லையே, பரவாயில்லையா?

லென்ஸின் மேல் தெரியும் நீல, ஊதா நிறப் பூச்சுதான் கோட்டிங். சைஸ் நிறுவனம் இதற்கு 1935-ல் காப்புரிமை வாங்கியது. பொதுச் சந்தையில் இது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

பூச்சு இல்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 முதல் 5 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். அது உள்ளேயே எதிரொலித்துப் படத்தை வெளுக்க வைக்கும். ஆகவே பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் எத்தனை கண்ணாடி என்று பார்ப்பதைவிட, காற்றைத் தொடும் பரப்பு எத்தனை என்று பார்ப்பார்கள். டாகோரில் ஆறு கண்ணாடிகள் இருந்தாலும் மூன்று மூன்றாக ஒட்டியிருப்பதால், காற்றைத் தொடும் பரப்பு நாலுதான். டெஸ்ஸாரில் ஆறு. கோட்டிங் இல்லாத காலத்திலும் டாகோர் நல்ல கான்ட்ராஸ்ட் கொடுத்தது இதனால்தான்.

வெயிலில் எடுக்கும்போது லென்ஸுக்கு மேல் ஒரு அட்டையை நிழலாகப் பிடித்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சாமல்பட்டிப் பாறைக்கும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

லென்ஸின் வரலாறு ஒரு வகையில் கண்ணாடியின் வரலாறு. 1884-ல் ஜெர்மனியின் ஜேனா நகரத்தில் ஷாட் கண்ணாடி ஆலை தொடங்கியது. பேரியம் சேர்த்த புது வகைக் கண்ணாடிகள் அங்கே வந்த பிறகுதான் புரோட்டார் போன்ற லென்ஸ்கள் சாத்தியம் ஆயின. 1930-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் மோரி, லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்த்து, ஒளியை இன்னும் அதிகமாக வளைக்கும் கண்ணாடியை உருவாக்கினார். கோடாக் அதைப் போர் விமானக் கேமரா லென்ஸ்களில் பயன்படுத்தியது.

அருமண் தனிமங்கள் உலகில் அதிகம் கிடைப்பது கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை சார்ந்த இடங்களில். அமெரிக்காவின் மவுன்டன் பாஸ் சுரங்கம் அப்படிப்பட்டது. நிலவியல் மாணவர்களுக்குச் சாமல்பட்டி என்ற பெயர் பரிச்சயமாக இருப்பதும் இதே பாறையால்தான். தமிழ்நாட்டில் கார்பனடைட் காணப்படும் சில இடங்களில் சாமல்பட்டியும் ஒன்று. இங்கே லென்ஸுக்கான சுரங்கம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ரயில் ஜன்னலில் கடந்து போகும் பாறையும், ஃபோனில் இருக்கும் லென்ஸும் வேதியியலில் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர்க்காலத்து கோடாக் ஏரோ எக்டார் லென்ஸில் தோரியமும் உண்டு. லேசான கதிரியக்கம் இருக்கும். வருடங்கள் போகப் போகக் கண்ணாடி டீ நிறத்துக்கு மாறும். புற ஊதாக் கதிரில் சில நாட்கள் வைத்தால் மறுபடி தெளியும். விமானத்தில் இருந்து தரையை எடுக்கச் செய்த இந்த லென்ஸை, அமெரிக்கப் பத்திரிகை போட்டோகிராஃபர் டேவிட் பர்னெட் 4×5 கேமராவில் மாட்டி, 2004 அதிபர் தேர்தல் பிரசாரத்தைப் படம் எடுத்தார். எல்லோரும் டிஜிட்டலில் சுட்டுத் தள்ளிய கூட்டத்தில் அவருடைய படங்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன.

நம்ம ஊர் லென்ஸ்கள் எங்கே போயின?

பெரிய மரக் கேமரா வெள்ளைக்காரர்களோடு போய்விடவில்லை. கேரளத்தின் ஆலப்புழையில் கே.கருணாகரன் 1940-களில் ‘வாகீஸ்வரி’ என்ற பெயரில் மரக் கேமராக்களைச் செய்யத் தொடங்கினார். அவருடைய குடும்பம் இசைக்கருவிகளைச் சரிசெய்து வந்த குடும்பம். ஆர்மோனியத் துருத்தி செய்யத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி கஷ்டமாக இல்லை. மரமும் துருத்தியும் இங்கே, லென்ஸ் மட்டும் வெளிநாட்டில் இருந்து. பல ஊர் ஸ்டூடியோக்களில் பல பத்தாண்டுகள் இந்தக் கேமராக்கள் நின்றன.

பிறகு ரோல் ஃபிலிம் வந்தது, கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது. மரப்பெட்டி ஸ்டூடியோ வாசலில் ஷோ பீஸ் ஆனது. நகரத்தில் பெரிய பெயர்களே தாக்குப்பிடிக்கவில்லை. 1860-களில் இருந்து இயங்கிய கொல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ 2016-ல் மூடப்பட்டது. சின்ன ஊர்களில் மூடியவை எந்தச் செய்தியிலும் வரவில்லை.

லென்ஸோடு சேர்ந்து போவது இன்னொன்றும் உண்டு. கண்ணாடி நெகட்டிவ்கள். கழுவினால் வெறும் கண்ணாடி, ஃபிலிமை உருக்கினால் கொஞ்சம் வெள்ளி. ஆனால் அதில் இருப்பது ஒரு ஊரின் மூன்று தலைமுறை முகங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்போய் டிஜிட்டலாக்கிய ஒரு திட்டத்தை நடத்தியது. அப்படி யாராவது வந்து சேருவதற்குள் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போய்விட்டால், திரும்ப எடுக்க வழியே இல்லை.

பரணில் ஒரு லென்ஸ் கிடைத்தால்?

முதலில் செய்யக் கூடாதவை. புளி, பிராஸோ போட்டு பித்தளையைப் பளபளப்பாக்காதீர்கள். பொறித்த எழுத்துகளும் பழைய அரக்குப் பூச்சும் போய்விடும், வாங்குகிறவர்கள் கண்ணில் மதிப்பும் குறையும். சட்டைத் துணியால் கண்ணாடியைத் தேய்க்காதீர்கள். பழைய கண்ணாடி மென்மையானது, சீக்கிரம் கீறும். பக்கத்தில் கண்ணாடித் தகடுகள் இருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். ஒன்றோடு ஒன்று உரசாமல் காகிதம் சுற்றி, ஓரத்தில் நிற்க வைத்து எடுத்து வையுங்கள்.

இனி சோதனை.

பெயரைப் படியுங்கள். ராஸ், டால்மேயர், டெய்லர் ஹாப்சன் குக், சைஸ், கோயர்ஸ், வாய்க்லாண்டர் போன்ற பெயர்களும் வரிசை எண்ணும் வெளி விளிம்பிலோ முன் வளையத்திலோ இருக்கும். பல நிறுவனங்களின் வரிசை எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்று ஏறக்குறைய சொல்லிவிட முடியும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோன் டார்ச்சைப் பின்னால் இருந்து அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்தில் சகஜம். லேசானது என்றால் சுத்தம் செய்யலாம், முற்றியது என்றால் கண்ணாடியையே அரித்திருக்கும். வானவில் நிறத்தில் ஓரத்தில் இருந்து படர்ந்தால், கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் என்ற மரப்பிசின் விட்டுப்போயிருக்கிறது. சின்னத் தூசி, ஓரிரு மெல்லிய கீறல், உள்ளே காற்றுக் குமிழி எல்லாம் படத்தைப் பெரிதாகப் பாதிக்காது.

ஜன்னல் சோதனை. லென்ஸ் எந்த அளவுக் கேமராவுக்கானது என்று தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, லென்ஸை வெளியே தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்துப் பிடியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் மலை தலைகீழாக, கலரில், தெளிவாக விழும். லென்ஸின் நடுவில் இருந்து தாள் வரைக்கும் ஸ்கேலால் அளந்தால் ஃபோகல் லெங்த் ஏறக்குறைய கிடைத்துவிடும். 15 செ.மீ. வந்தால் 4×5-க்கு நார்மல், 30 செ.மீ. வந்தால் 8×10-க்கு. தாளில் விழும் வட்டம் எவ்வளவு பெரிது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் இல்லையே என்று பதறாதீர்கள். பழைய ஸ்டூடியோ லென்ஸ்கள் பலவற்றில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மறுபடி மூடுவதுதான் முறை. ‘ரெடி... ஆடாதீங்க’ என்று ஸ்டூடியோக்காரர் சொன்னது அந்த வினாடிகளுக்காகத்தான்.

ஓசூர் லேத்துக்கு ஒரு வேலை

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களின் பெரிய தலைவலி, அதைப் பலகையில் மாட்டும் பித்தளை வளையம் தொலைந்துபோயிருப்பது. அதற்கான மரை இன்றைய மெட்ரிக் கணக்கில் இருக்காது. அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற பழைய கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு விட்டம். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது அபூர்வம்.

தீர்வு ஒரு லேத் பட்டறை. மரை அளக்கும் கேஜ் வைத்துப் பிட்ச் பார்த்து, விட்டம் அளந்து, அலுமினியத்திலோ பித்தளையிலோ ஒரு வளையம் கடைந்தால் வேலை முடிந்தது. கடிகாரத்துக்கும் பைக்குக்கும் லாரிக்கும் பாகம் செய்யும் ஓசூர் வட்டாரத்தில் இது அரைநாள் வேலை. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: லென்ஸைக் கையோடு எடுத்துப் போய், கடையும்போதே மாட்டிப் பார்க்க வேண்டும். அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

செலவு கையைக் கடிக்குமா?

உண்மையைச் சொன்னால், ஃபிலிம்தான் கையைக் கடிக்கும். இறக்குமதியாகும் 4×5 ஃபிலிமில் ஒவ்வொரு கிளிக்கும் காசு. அதனால் பழகுகிறவர்கள் இரண்டு குறுக்கு வழிகளைப் பிடிக்கிறார்கள்.

ஒன்று, எக்ஸ்ரே ஃபிலிம். மருத்துவமனைகளுக்கு வரும் அதே ஃபிலிம்தான். 8×10 அங்குலத்திலேயே கிடைக்கும், போட்டோ ஃபிலிமைவிட ரொம்பவே மலிவு. சிவப்பு நிறத்தை உணராது என்பதால் இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டே கழுவலாம். ஆனால் உதட்டுச் சாயமும் செம்மண்ணும் கறுப்பாக வரும். இரண்டு பக்கமும் ரசாயனப் பூச்சு இருப்பதால் தொட்டால் கீறும்.

இன்னொன்று, கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரையே நெகட்டிவாகப் பயன்படுத்துவது. டிரைப் ராயக்கோட்டையில் பயன்படுத்தியதும் காகித நெகட்டிவ்தானே. இதன் வேகம் ரொம்பக் குறைவு, சுமார் ஐஎஸ்ஓ 6. நல்ல வெயிலில் லென்ஸை எஃப் 45 வரை சுருக்கினால் ஒரு வினாடிக்குச் சற்று மேல் திறந்து வைக்க வேண்டும். ஷட்டர் இல்லாத பழைய லென்ஸுக்கு இது வசதி. மூடியைக் கழற்றி ‘ஆயிரத்து ஒன்று’ என்று சொல்லி மூடினால் சரியாக இருக்கும்.

கேமராவைப் பிறகு வாங்கலாம். முதலில் வீட்டிலோ, தெரிந்தவர் ஸ்டூடியோவிலோ அந்த மரப்பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், ஜன்னல் சோதனைக்கு ஒரு லென்ஸும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். ராயக்கோட்டை மலை தாளில் தலைகீழாக விழுவதைப் பார்க்க டேட்டாகூட ஆன் செய்ய வேண்டியதில்லை.